உபயக் கணக்கில் 6 லட்சம் 18 லட்சமாகத் தெரிகிறது: அட்டவணை அமைப்பில் எங்கே கோளாறு?

பெகுக்காரன்:
வணக்கம். பர்மாவின் பெகுவில் எங்கள் கோயிலின் உபயக் கணக்கைப் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். முதலில் ‘உபயம்’ அட்டவணையிலேயே உபயதாரர் 1, 2, 3 என்று மூன்று நெடுவரிசைகள் வைத்திருந்தேன். தீமிதி உபயம் ஒன்றை அண்ணன் தம்பி நால்வரும் ஒரு மைத்துனரும் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். மூன்று இடத்தில் ஐந்து பேரை எங்கே எழுதுவது? ஆகவே உபயதாரரைத் தனி அட்டவணையாக்கி, யார் எந்த உபயத்தில் சேர்ந்திருக்கிறார் என்று காட்ட ‘பங்கு’ என்ற அட்டவணையையும் சேர்த்தேன். ‘ரசீது’ அட்டவணையில் உபய எண், தொகை, தேதி ஆகியவை இருக்கின்றன.

அதற்குப் பிறகுதான் தொல்லை. வரவு அறிக்கைக்காக உபயம், பங்கு, ரசீது மூன்றையும் உபய எண்ணை வைத்து ஜாயின் செய்தேன், அதாவது ஒரே பட்டியலாக இணைத்தேன். ஓர் அன்னதான உபயத்துக்கு மூன்று பங்குதாரர்கள். 4 லட்சம், 2 லட்சம் கியாட் என்று இரண்டு ரசீதுகள். மொத்தம் 6 லட்சம் வர வேண்டும், 18 லட்சம் வருகிறது. கூட்டும்போது, திரும்ப வருவதை விட்டுவிடும் ‘டிஸ்டிங்ட்’ என்ற சொல்லைச் சேர்த்ததும் 6 லட்சம் வந்துவிட்டது. ஆனால் தலா 1 லட்சத்துக்கு இரண்டு ரசீது போட்ட வேறோர் உபயத்துக்கு வெறும் 1 லட்சம் காட்டுகிறது! பொருளாளர் ஐயா பேரேட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை.

இன்னொன்று: உபயதாரரின் அடையாள அட்டை எண்ணையே முதன்மைத் திறவுகோலாக (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் எண்ணாக) வைக்கும்படி தலைவர் சொல்கிறார். வைக்கலாமா?

மாண்டலே ரயில்:
மொத்தத்தைப் பங்குதாரர் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். 18-ஐ 3-ஆல் வகுத்தால் 6. வேலை முடிந்தது.

மோல்மேன் அக்கா:
இன்றைக்கு முடியும். நாளை தொலைபேசி எண்களுக்கு ஓர் அட்டவணை வைத்து அதையும் ஜாயின் செய்தால், இரண்டு எண் வைத்திருப்பவரின் வரிகள் மட்டும் இரண்டாகும். அப்போது எதனால் வகுப்பது?

தம்பி, உங்கள் கணினி சரியாகத்தான் கூட்டியிருக்கிறது. ஓர் உபயத்துக்குப் பல பங்குகள்; அதே உபயத்துக்குப் பல ரசீதுகள். பங்குக்கும் ரசீதுக்கும் இடையே நேரடி உறவு எதையும் நீங்கள் வைக்கவில்லை. உறவு இல்லாத இரண்டை உபய எண் வழியாக இணைத்தால், ஒவ்வொரு பங்கும் ஒவ்வொரு ரசீதோடும் ஜோடி சேரும். 3 பங்கு, 2 ரசீது, ஆக 6 வரிகள். ஒவ்வொரு ரசீதும் மூன்று முறை தோன்றுவதால் 18 லட்சம். ‘டிஸ்டிங்ட்’ வரிகளைப் பார்ப்பதில்லை, தொகையை மட்டும் பார்க்கிறது. ஒரே தொகை இரண்டு முறை வந்தால் ஒன்றை விட்டுவிடும். முதல் உபயத்தில் இரண்டு தொகைகளும் வேறாக இருந்ததால் தப்பித்தீர்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டுப் பாருங்கள். உபயதாரர், உபயம், பங்கு, ரசீது நான்குக்கும் தனித்தனிப் பெட்டி, இடையில் கோடு. ‘ஒன்று’ இருக்கும் முனையில் ஒரு சிறு குறுக்குக்கோடு, ‘பல’ இருக்கும் முனையில் மூன்றாகப் பிரியும் காக்கைக்கால் குறி. உபயத்திலிருந்து இரண்டு பக்கமும் காக்கைக்கால் விரிந்து நிற்பது கண்ணில் படும். அப்படி விரியும் இடத்தில் இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் ஜாயின் செய்து கூட்டக்கூடாது.

இப்போது எனக்கு ஒரு பதில் வேண்டும். உங்கள் கோயிலில் ரசீது உபயத்தின் பெயரில் போடப்படுகிறதா, ஆளின் பெயரிலா?

பெகுக்காரன்:
ஆளின் பெயரில்தான், அக்கா. ஆனால் சில குடும்பங்களில் பெரியண்ணன் வந்து எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே ரசீதாகக் கட்டிவிடுவார். அவரவர் பங்கைப் பிறகு வீட்டில் தீர்த்துக்கொள்வார்கள்.

மோல்மேன் அக்கா:
நல்ல வேளை, கேட்டேன். அந்தப் பெரியண்ணன் இல்லையென்றால் ரசீதைப் பங்கோடு இணைக்கச் சொல்லியிருப்பேன். முதல் கூட்டு ரசீதிலேயே அது உடைந்திருக்கும்.

ஆகவே ரசீது உபயத்தோடே இருக்கட்டும். அதில் ‘செலுத்தியவர்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அதை உபயதாரர் அட்டவணைக்கு அயல் திறவுகோலாக்குங்கள்; அந்த அட்டவணையில் இருக்கும் ஆளை மட்டுமே அது ஏற்கும். அறிக்கைக்கு, முதலில் ரசீதுகளை மட்டும் உபய எண் வாரியாகக் கூட்டிவிடுங்கள். ஓர் உபயத்துக்கு ஒரே வரி கிடைக்கும். அதன் பிறகு உபயத்தோடு ஜாயின் செய்யுங்கள். பங்குதாரர் பெயர்கள் வேண்டுமென்றால் அதையும் இப்படியே தனியாகத் திரட்டி இணைக்கலாம்.

‘பங்கு’ வெறும் இணைப்பு அட்டவணை என்று நினைக்காதீர்கள். ஒருவர் ஒப்புக்கொண்ட தொகையை எங்கே எழுதுவீர்கள்? உபயதாரரிடம் எழுத முடியாது, அவர் வேறு உபயங்களிலும் சேர்வார். உபயத்திலும் முடியாது, ஆளுக்கு ஆள் தொகை மாறும். அது அந்த உறவுக்கே உரிய பண்புக்கூறு. தரவை உருபொருள்களாகவும் (ஆள், உபயம் போன்றவை) அவற்றுக்கிடையிலான உறவுகளாகவும் பார்க்கும் உருபொருள்-உறவு மாதிரியைப் பீட்டர் சென் 1976-இல் எழுதியபோதே உறவுக்கும் பண்புக்கூறுகள் உண்டு என்று வைத்திருக்கிறார். அவருடைய படத்தில் உறவுக்குச் சாய்சதுரம். காக்கைக்கால் வேறு குறியீட்டு முறை.

பங்குதாரர்களுக்குள் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு கோயிலுக்குத் தேவையா? அதைப் பொருளாளர் ஐயாவிடம் கேளுங்கள். தேவையில்லை என்றால் அதற்கு அட்டவணை போடாதீர்கள்.

ரங்கூன் கணக்கர்:
அடையாள அட்டை பற்றி யாரும் சொல்லவில்லை. வேண்டாம், தம்பி. நம் நாட்டு அட்டை எண்ணில் மாநில எண், நகரியக் குறி, அட்டை வகையைக் குறிக்கும் எழுத்து, கடைசியில் ஆறு இலக்கம் என்று பல துண்டுகள் இருக்கின்றன. ஒருவருடைய அட்டை வகை மாறினால் அந்த எழுத்தும் மாறும். பங்கு, ரசீது என்று எல்லா இடத்திலும் நீங்களும் மாற்ற வேண்டும். ஒருவர் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுப்பார், மற்றவர் ஆங்கிலத்தில். நம்மவர்களில் அட்டையே கிடைக்காத பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உபயம் செய்யக்கூடாதா? கடையின் பெயரில் வரும் உபயத்துக்கு எந்த அட்டை? பொருளற்ற ஒரு தொடர் எண்ணே போதும். அட்டை எண்ணை வாங்கிச் சேமித்து வைப்பதும் கோயிலுக்கு வீண் பொறுப்பு என்பது என் கருத்து.

பெயரையும் நம்பாதீர்கள். கோயிலில் முருகேசன், அட்டையில் பர்மியப் பெயர். ரசீதில் எது வரும் என்பது அன்றைக்கு எழுத்தர் யார் என்பதைப் பொறுத்தது. பெயர்களுக்குத் தனி அட்டவணை வைத்து, ஓர் உபயதாரருக்குப் பல பெயர்களை அனுமதியுங்கள், தேடும்போது உதவும்.

இன்னொன்று கண்ணில் பட்டது. தீமிதி, பங்குனி உத்திரம் என்பவை திருவிழாக்கள். இந்த ஆண்டுப் பங்குனி உத்திரம் வேறு உருபொருள்; நட்சத்திரத்தை வைத்து வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். ‘திருவிழா’ ஓர் அட்டவணை, ‘திருவிழா நிகழ்வு’ இன்னொன்று. தேதி இரண்டாவதில் இருக்கட்டும், உபயமும் அதோடு சேரட்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு தேதியைத் திருத்தும் நாளில் பழைய உபயங்களும் புதுத் தேதிக்கு நகர்ந்துவிடும்.

பெகுக்காரன்:
தனியாகக் கூட்டி இணைத்தேன். இரண்டு உபயங்களும் பேரேட்டோடு ஒத்துப்போகின்றன. பாக்கிக் கணக்கு குடும்ப விஷயம், கோயிலுக்கு வேண்டாம் என்று பொருளாளர் ஐயா சொல்லிவிட்டார். ஆனால் ஒரு புது வியப்பு: இல்லாத உபய எண்ணைக் கொடுத்து ரசீது சேர்த்துப் பார்த்தேன், மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. அயல் திறவுகோல் எழுதித்தான் இருக்கிறேன்.

மோல்மேன் அக்கா:
அந்த அட்டவணை மைஐசாம் என்ற பழைய சேமிப்பு வகையாக இருக்கும். எங்கிருந்தாவது பழைய மாதிரிக் கோப்பை நகலெடுத்தீர்களா? அந்த வகை அயல் திறவுகோலைப் பிழை சொல்லாமல் படித்துவிட்டு அப்படியே புறக்கணிக்கும். இன்னோடிபி என்ற வகைக்கு மாற்றுங்கள்; மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு வகை. மாற்றினால் மட்டும் போதாது, அயல் திறவுகோலையும் மறுபடி எழுத வேண்டும். அதற்கு முன்பு உபயம் இல்லாத ரசீதுகள் ஏதேனும் ஏற்கெனவே நுழைந்திருக்கின்றனவா என்று தேடிவிடுங்கள். இருந்தால் திறவுகோல் சேராது.

பெகுக்காரன்:
சோதனைக்குப் போட்ட ஒன்றுதான் இருந்தது, எடுத்துவிட்டேன். இப்போது மறுக்கிறது. உபயத்தை நீக்கினால் ரசீதும் தானாக நீங்கும்படி ‘கேஸ்கேட்’ வைக்கலாமா?

ரங்கூன் கணக்கர்:
பணம் வாங்கிய ரசீதைத் தானாக அழிய விடலாமா, தம்பி? ‘ரெஸ்ட்ரிக்ட்’ வையுங்கள், ரசீது உள்ள உபயத்தை நீக்க விடாது. உபயம் ரத்தானால் அதற்கு ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசை போதும்.