புதுப்பிப்பு: எழுத்து தெரிந்தும் வாசிக்கத் திணறிய மகள்

ஆங்கில எழுத்துகள் 26-ம் மகளுக்குத் தெரியும், ஆனால் சொல்லை வாசிக்க வரவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது சின்னச் சொற்களைத் தானாகவே வாசிக்கிறாள்!

எழுத்தின் பெயரை ஒதுக்கிவிட்டு ஒலியை மட்டும் பழக்கினோம். எம், இ, என் என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'மென்' வராது. ம், எ, ன் என்றால் வந்துவிடும். இங்கே நம் புள்ளி பெரிய துணை. 'ம' அல்ல 'ம்', 'ப' அல்ல 'ப்' என்றதும் பிடித்துக்கொண்டாள். மெய்யோடு 'அ' ஒட்டிக்கொண்டால் ஒலிகள் சேராது. தமிழ் எழுதத் தெரிந்த குழந்தைக்கு இது பாதி வேலை.

ம், ன், ஸ் போல இழுத்துச் சொல்லக்கூடிய ஒலிகளில் தொடங்குங்கள். 'ம்ம்ம்எஎன்ன்' என்று மூச்சு விடாமல் போகலாம். ப், ட் இழுபடாது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வாய்மொழி விளையாட்டும் அவசியம்: 'சன்' என்றால் முதல் ஒலி என்ன, கடைசி ஒலி என்ன? இதற்குப் புத்தகமே வேண்டாம்.

அடுத்தது எஸ்-எச் சேர்ந்து 'ஷ்' ஆவது போன்ற இரட்டை எழுத்துகள். ஆங்கிலத்தில் எழுத்துகள் 26 தான், ஒலிகளோ சுமார் 44 என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. அதை மெதுவாகத்தான் எடுக்கப் போகிறோம்.