பொதுக் கணினிகளில் மென்பொருளை எந்தக் கோப்புறையில் நிறுவுவது: வன்னி அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

நான் பராமரிக்கும் பயிற்சி நிலையத்தில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட கணினிகள் பலவற்றில், கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான டெர்மினல் திறக்க மறுத்தது. முன்னர் வேலை பார்த்த ஒப்பந்தக்காரர், மாணவர்களுக்குப் பைதன் நிரல்மொழியின் புதிய பதிப்பு வேண்டும் என்பதற்காக அதன் மூல நிரலை இறக்கித் தொகுத்து, நிறுவும் இடமாக, இயங்குதளத்தின் சொந்த மென்பொருள்கள் இருக்கும் /யூஎஸ்ஆர் கோப்புறையையே கொடுத்து, ‘மேக் இன்ஸ்டால்’ என்ற நிறுவல் கட்டளையை ஓட்டியிருந்தார். டெர்மினலைத் தொடக்கும் கோப்பும் மென்பொருளை இறக்கி நிறுவும் ஏபிடியின் துணைக் கருவிகள் சிலவும் பைதனில் எழுதப்பட்டவை என்பதால், தமக்குரிய பதிப்பு இருந்த இடத்தில் வேறொன்றைக் கண்டதும் அவை அப்படியே நின்றுவிட்டன.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், நிறுவப்பட்ட பொதிகளுக்கு (மென்பொருள் கட்டுகளுக்கு) கணக்கு வைத்திருக்கும் டிபிகேஜியின் ‘டிபிகேஜி -எஸ்’ (பெரிய எழுத்து எஸ்) கட்டளையால், வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பான /யூஎஸ்ஆர்/பின்/பைதன்3 எந்தப் பொதியுடையது என்று கேட்டேன். ‘பைதன்3-மினிமல்’ பொதியுடையது என்று பதில் வந்தது. ஆனால் அந்த இணைப்பைப் பின்தொடர்ந்து போனால் கிடைத்த கோப்பு எந்தப் பொதிக்கும் உரியதாக இருக்கவில்லை. வீட்டுப் பதிவேட்டில் ஒருவர் பெயரும் வீட்டுக்குள் வேறொருவரும் இருந்த கதைதான். அந்தப் பொதியை மீள நிறுவியதும் டெர்மினல் திறந்தது. சிதறிக் கிடந்த மற்றக் கோப்புகளைத் தேடி நீக்குவதற்குத்தான் நாட்கள் பிடித்தன.

லினக்ஸ் பவுண்டேஷன் 2015இல் வெளியிட்ட கோப்பு முறைமைப் படிநிலைத் தரத்தின் 3.0 பதிப்பில் இதற்கு இடம் பிரித்தே இருக்கிறது. /யூஎஸ்ஆர், உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகத்தின் பொதிகளுக்கு. /யூஎஸ்ஆர்/லோக்கல் நிர்வாகி தானாக நிறுவுபவற்றுக்கு. /ஒப்ட் தனித்து நிற்கும் கூடுதல் மென்பொருள்களுக்கு. நான் இப்போது ஒவ்வொரு பதிப்பையும் /ஒப்ட் கோப்புறைக்குள் பெயரும் பதிப்பு எண்ணும் சேர்ந்த தனிக் கோப்புறையில் வைக்கிறேன். பைதனுக்கு ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ கொடுத்தால் ‘பைதன்3’ என்ற பொதுப்பெயர் உருவாகாது என்பதால் அதையே பயன்படுத்துகிறேன். நீக்க வேண்டுமானால் ஒரு கோப்புறையை அழித்தால் போதும். அமைப்புக் கோப்புகள் /ஈடிசி/ஒப்ட் கோப்புறைக்கும், மாறிக்கொண்டிருக்கும் தரவு /வார்/ஒப்ட் கோப்புறைக்கும் போவதால், /ஒப்ட் கோப்புறையை ஒரு சேர்வரில் மட்டும் வைத்து, வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் மூலம் எல்லாக் கணினிகளுக்கும் வாசிக்க மட்டும் அனுமதித்துக் கொடுக்க முடிந்தது.

புதுக்குடியிருப்பிலிருந்து:

கிளிநொச்சி நண்பரின் ஒழுங்கு சரியானதே. என்எஃப்எஸ் விடயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கம் மின்சாரம் நின்று, சேர்வரின் யூபிஎஸ் முதலில் ஓய்ந்துவிட்டால், மடிகணினிகளில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பிழைச்செய்தி எதுவும் தராமல் உறைந்துவிடும். என்எஃப்எஸ்ஸின் இயல்பான ‘ஹார்ட்’ இணைப்பு சேர்வர் திரும்பும் வரை காத்திருக்கும் வகையிலேயே அமைந்திருக்கிறது. அதனால் நான் ஒவ்வொரு மென்பொருளையும் /ஒப்ட் கோப்புறைக்குள் விரியும் டிபிகேஜி நிறுவும் வடிவமான டெப் பொதியாகக் கட்டி, பென்டிரைவில் கொண்டுபோய் நிறுவுகிறேன். இணையத் தரவும் மிச்சமாகிறது, எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற கேள்விக்கு டிபிகேஜியே பதில் சொல்கிறது.

பொதி கட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் விநியோகத்தின் கொள்கைப்படி ஒரு பொதி /யூஎஸ்ஆர்/லோக்கல் கோப்புறைக்குள் கோப்பு எதையும் வைக்கக் கூடாது; அது நிர்வாகியின் கைக்கென்று விடப்பட்ட இடம். பொதியாகக் கட்டாமல் அங்கேயே வைக்க விரும்புவோருக்கு குனூ ஸ்டோ நல்ல கருவி. ஒவ்வொரு மென்பொருளையும் தனிக் கோப்புறையில் வைத்து, /யூஎஸ்ஆர்/லோக்கல் மரத்துக்குள் சிம்லிங்குகளை (அக்கோப்புகளைச் சுட்டும் இணைப்புகளை) மட்டும் அது உருவாக்கும். வேண்டாதபோது அவற்றை எடுத்தும் விடும்.

வவுனியாவிலிருந்து:

இருவரும் எழுத்துருக்களைச் சொல்லவில்லை. அலுவலகங்களிலிருந்து வரும் பழைய ஆவணங்களுக்கு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துரு இன்றும் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பயனரும் தம் வீட்டுக் கோப்புறையில் ஒரு பிரதி போட்டுவைத்தால், அடுத்தவர் உள்நுழையும்போது அதே ஆவணம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/ஃபொன்ட்ஸ் கோப்புறையில் ஒரு முறை வைத்து எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘எஃப்சி-காஷ்’ கட்டளையை ஓட்டினால் அக்கணினியின் எல்லாப் பயனருக்கும் கிடைக்கும். எழுத்துருவுக்குச் செயலியின் வகை பொருட்டில்லை என்பதால், அதே கோப்புறையை 32 பிட் பழைய கணினிகளுக்கும் மாற்றமின்றி நகலெடுத்திருக்கிறேன்.