புதுப்பிப்பு: கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது

தரங்கம்பாடிப் பக்கத்துக்காரரான எங்கள் கொள்ளுத்தாத்தா எப்போது கிறிஸ்தவரானார், எங்கே தேடுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, "தாத்தாவின் கல்யாணப் பதிவிலிருந்து பின்னால போங்க" என்ற யோசனைதான். அதில் அவர் அப்பாவின் பெயரும் சொந்தச் சபையும் இருந்தன. அந்த லுத்தரன் சபையில் பழைய ஏட்டை எடுத்துக் கொடுத்தார்கள்.

தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) கஞ்சிக்காக மாறினார் என்று உறவில் ஒரு கேலி உண்டு. பதிவோ பஞ்சத்துக்கு முந்தியது. பசிக்காக மாறியிருந்தாலும் என் கண்ணில் அவர் குறைந்துபோக மாட்டார், அது வேறு.

நான் எதிர்பார்க்காதது: முதலில் ஞானஸ்நானம் பெற்றவர் கொள்ளுப்பாட்டி! சில பக்கங்கள் முன்னால், தனியாக. அந்தத் துணிச்சல்தான் இப்போது என்னைப் பிடித்து ஆட்டுகிறது.

தேடுபவர்கள் பெண்களின் பதிவையும் பாருங்கள். பெயர் மாறியிருக்கலாம், கணவர் பெயர், ஊரை வைத்துப் பிடிக்கலாம்.