கலீலுக்கு பவுன்ட்டி (ஓட்டையைக் கண்டு சொல்பவருக்கு நிறுவனம் தரும் பரிசுப் பணம்) மறுத்தது சரியா?

கதிரவன்:
2013 ஆகஸ்ட்டில் நடந்தது. பாலஸ்தீனக்காரர் கலீல் ஷ்ரேதே, அப்போது வேலைகூட இல்லை, நண்பர் பட்டியலில் இல்லாதவர் பக்கத்திலும் பதிவு போட வழிவிடும் ஓட்டையை ஃபேஸ்புக்கில் கண்டுபிடித்து முறையாக அவர்களுக்கே எழுதிப் போட்டார். 'இது பக் (மென்பொருள் பிழை) இல்லை' என்று பதில் வந்தது. அப்புறம்தான் ஸக்கர்பெர்க் பக்கத்திலேயே போட்டுக் காட்டினார், உடனே ஓட்டையை அடைத்தார்கள். பவுன்ட்டி மட்டும் கிடையாதாம். வேலையை வாங்கிக்கொண்டு கூலியை மறுப்பது அநியாயம்.

தேன்மொழி:
சோதனைக் கணக்குகளைத் தனியாகத் தருகிறார்களே, அதில் காட்டியிருக்கலாம். ஸக்கர்பெர்க்குக்கு முன்பே வேறொரு பெண்ணின் பக்கத்திலும் போட்டுப் பார்த்தார், அவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்? நான் பென்டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன், அதாவது நிறுவனங்கள் கேட்டுக்கொண்டால் அவர்கள் கணினிகளை உடைத்துப் பார்த்து ஓட்டை தேடும் வேலை. கையெழுத்தான அனுமதிக் கடிதம் வராமல் ஓட்டை தேடும் ஸ்கேனர் மென்பொருளைத் திறக்கவே மாட்டேன்.

கதிரவன்:
உங்களுக்குச் சம்பளம் வருகிறது, கடிதமும் வருகிறது. அவருக்கு யார் கொடுப்பார்கள்? அவசரப்பட்டு ஒதுக்கிவிட்டோம் என்று ஃபேஸ்புக்கின் அன்றைய பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவனே ஒப்புக்கொண்டார். கணினிப் பாதுகாப்பு வல்லுநர் மார்க் மெய்ஃப்ரெட் கலீலுக்காகத் தொடங்கிய நிதிக்கு 10,000 டாலருக்கு மேல் சேர்ந்தது, கொடுத்தவர்களில் பலர் இதே துறைக்காரர்கள்.

தேன்மொழி:
அதே சல்லிவன் பணம் தர முடியாது என்பதிலும் உறுதியாக நின்றார். தந்திருந்தால், மெயிலுக்குப் பதில் வராத ஒவ்வொருவரும் அடுத்தவர் கணக்கில் கைவைப்பார்கள். பணத்துக்காகத் தேடுவது தப்பே இல்லை. நம்ம சென்னை லக்ஷ்மண் முத்தையா 2019-ல் இன்ஸ்டாகிராம் ஓட்டையைச் சொல்லி 30,000 டாலர் வாங்கினார், யார் கணக்கையும் தொந்தரவு செய்யாமல்.

முகில்:
என் அனுபவத்தையும் சொல்கிறேன். ஒரு கடையில் வாங்கிய பொருளுக்கு பில் லிங்க் வந்தது. கடைசி எண் 7, அதை 8 ஆக்கினேன், யாரோ ஒரு அம்மாவின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் திரையில். அங்கேயே மூடிவிட்டு மெயில் அனுப்பினேன், ஒரு பைசா கேட்கவில்லை. பதிலுக்கு வந்தது வக்கீல் நோட்டீஸ், ஐடி சட்டம் பிரிவு 66, மூன்று வருஷம் வரை சிறை என்று.

தேன்மொழி:
ஒன்றோடு நிறுத்தியது நல்லது, நூறு எண் பார்த்திருந்தால் நான் உங்கள் பக்கம் பேச முடியாது. ஆனால் நோட்டீஸ் அனுப்பியது கேவலம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கதிரவன்:
முகில், அந்த லிங்க் இன்னும் திறக்கிறதா?

முகில்:
தெரியாது. திறந்து பார்க்கவே பயமாக இருக்கிறது. அந்த அம்மாவுக்கும் தெரியாது.