‘இக்னிஷன்’: எரியூட்டலா, மூட்சியா?

ஐயா,

லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் பற்றிய கட்டுரையில் ‘இக்னிஷன்’ என்பதற்குத் தாங்கள் இட்ட ‘எரியூட்டல்’ எனக்கு உறுத்துகிறது. நம் நாளிதழ்களில் எரியூட்டப்படுவது பெரும்பாலும் சடலம்தான். அது போகட்டும். கார் எஞ்சினுக்கு அச்சொல் பொருந்தும். கலிபோர்னியாவிலுள்ள அந்த ஆய்வகத்தில் லேசரால் நடத்தும் அணுக்கரு இணைவு வேறு.

அங்கே 192 லேசர் கற்றைகளும் எரிபொருளைத் தொடுவதே இல்லை. சிறியதொரு பொன் உருளையின் இரு வாய்வழியாகவும் நுழைந்து உட்சுவரில் மோதுகின்றன. அதனால் எழும் எக்ஸ் கதிர்கள், நடுவிலிருக்கும் கடுகளவு உருண்டையின் மேல்தோலைச் சிதறடிக்கின்றன. அந்த எதிர்விசையில் உள்ளேயுள்ள எரிபொருளான கன ஹைட்ரஜன் வகைகள், டியூட்டீரியமும் டிரிட்டியமும், நசுங்கி, மையத்தில் அவற்றின் அணுக்கருக்கள் இணையத் தொடங்குகின்றன. அதில் பிறக்கும் ஆல்ஃபா துகள்கள் (ஹீலியம் அணுக்கருக்கள்) சுற்றியுள்ள எரிபொருளைச் சூடேற்ற, அதுவும் இணைகிறது. லேசர் தன் வேலையை முடித்துக்கொண்ட பிறகுதான் இந்தக் கனல் உச்சத்தைத் தொடுகிறது.

ஆகவே இங்கே பிறவினை பொருந்தாது, தன்வினை வேண்டும். தீயை மூட்டுகிறோம், தீ மூள்கிறது. ஆள் ஆட்சியானது, மீள் மீட்சியானது. மூள் ‘மூட்சி’ ஆகட்டுமே! ‘இணைவு மூட்சி’ என்பது என் முன்மொழிவு. முன்பு ஓர் அம்மையார் சொன்ன ‘தற்பற்றல்’ (தானே பற்றிக்கொள்ளல்) பொருளில் சரிதான், ஆனால் நாக்கு இடறுகிறது.

கட்டுரையாளரின் மறுமொழி:

மூட்சி நன்று. ஓர் ஐயம். 2021 ஆகஸ்டில் லேசரால் 1.9 மெகாஜூல் ஆற்றல் கொடுத்து இணைவிலிருந்து ஏறத்தாழ 1.3 பெற்றபோதே, இயற்பியல் அளவுகோல்படி, அதாவது எரிவு தானே வளர்ந்ததால், இது இக்னிஷன்தான் என்றனர் சிலர். 2022 டிசம்பர் 5 அன்று 2.05 கொடுத்து 3.15 பெற்ற பிறகே ஆய்வகம் உலகறிய அறிவித்தது. அது 1997இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வகுத்த வரவு செலவுக் கணக்கு: லேசர் கொடுத்ததைவிட இணைவில் பெற்றது மிக வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லா? பின்னதை ‘ஆதாயம்’ எனலாமா?

மடல் எழுதியவரின் மறுமொழி:

ஆதாயம் என்றால் மின்கட்டணம் கட்டுகிறவர் சிரிப்பார், ஐயா. அந்த லேசரை ஒருமுறை இயக்க மின்தொடரிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். லேசர் தாக்கும் உருளையும் உள்ளிருக்கும் உருண்டையும்தான் ‘இலக்கு’; ஆகவே ‘இலக்குப் பெருக்கம்’ எனலாம். கணக்கு எந்த இடத்தில் போடப்பட்டது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆல்ஃபா துகள்களால் தானே வளரும் எரிவுக்கு மட்டும் மூட்சி. மறுப்பு இல்லையேல் கட்டுரையில் இரண்டையும் இப்படியே திருத்திவிடுகிறேன். பொன் உருளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ‘பொற்கூடு’ என்று யாரும் ஆரம்பித்துவிட வேண்டாம்.