கோச்சிங் வகுப்பைப் பதிவு செய்ய எந்த ரெக்கார்டர்?

தென்பெண்ணை:
குரூப் 2 கோச்சிங். கல்யாண மண்டபத்தில் வகுப்பு, 150 பேர் இருப்போம். காலை 10 மணிக்கு ஆரம்பித்தால் 1 மணி வரை இடைவேளை கிடையாது. சார் காலர் மைக்கில் பேசுவார், இரண்டு பக்கச் சுவரிலும் ஸ்பீக்கர் பாக்ஸ், தலைக்கு மேல் ஃபேன். இப்போது போனில்தான் எடுக்கிறேன். கேட்டால் ஃபேன் இரைச்சல்தான் முன்னால் நிற்கிறது. நடுவில் கால் வந்தால் பதிவு நின்றுவிடுகிறது. பட்ஜெட் 6,000 ரூபாய். ஆன்லைனில் பென் டிரைவ் சைஸில் "64 ஜிபி, 1536 கேபிபிஎஸ்" என்று 1,500க்கே ஒன்று வருகிறது. அது போதுமா, சோனி பிஎக்ஸ்470 வாங்கலாமா, கொஞ்சம் சேர்த்துப் போட்டு ஜூம் எச்1என் எடுக்கணுமா? பிறகு எழுத்தாக மாற்றும் எண்ணமும் உண்டு.

கம்பிச்சுருள்:
அந்தப் பென் டிரைவ் சமாச்சாரம் வேண்டாம். 1536 என்பது நொடிக்கு 48,000 மாதிரி × 16 பிட் × 2 சேனல் என்ற பெருக்கல் கணக்கு, அவ்வளவுதான். ஃபைல் எவ்வளவு பெரிசாக இருக்கும் என்று சொல்லும். மைக் எப்படி என்று சொல்லாது. பெரும்பாலானவற்றில் திரை இல்லை, அதனால் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று வீட்டுக்கு வந்துதான் தெரியும். 64 ஜிபி என்று காட்டி உள்ளே அதில் பாதிகூட இல்லாத போலிகளும் உண்டு. ஏற்கெனவே வாங்கியவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மெமரி சோதனை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள்.

உங்களுக்கு பிஎக்ஸ்470 தாராளம். உள்ளே 4 ஜிபி, மைக்ரோ எஸ்டி கார்டும் போடலாம். எம்பி3 128 கேபிபிஎஸ்ஸில் மணிக்கு சுமார் 58 எம்பி, மூன்று மணி வகுப்பு 175 எம்பிக்குள் முடிந்துவிடும். சுருக்காத வேவ் ஃபைல் என்றால் மணிக்கு 635 எம்பி. பேச்சுக்கு அது வீண். ஓடுவது இரண்டு டிரிபிள் ஏ பேட்டரியில். இதை நான் பெரிய வசதியாகவே பார்க்கிறேன், தீர்ந்தால் எதிர்க் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். சோனியின் இன்னொரு மாடலான யுஎக்ஸ்570 சின்னதாக, அழகாக இருக்கும். ஆனால் பேட்டரி உள்ளேயே பூட்டியது, வகுப்பு நடுவே இறங்கினால் மாற்ற முடியாது. ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மெனுவில் பேட்டரி வகையை மாற்றிவிடுங்கள். அது 1.2 வோல்ட்தான், மாற்றாவிட்டால் சார்ஜ் இருக்கும்போதே குறைவாகக் காட்டும்.

எச்1என் மைக் நல்ல மைக். ஆனால் பாட்டு, வாத்தியம் எடுப்பவர்களை மனதில் வைத்துச் செய்தது. உள்ளே மெமரி கிடையாது, கார்டு தனியாக வாங்கணும். கையில் பிடித்தால் பிளாஸ்டிக் உரசும் சத்தம்கூடப் பதிவாகும்.

மதகு:
தம்பி, மாடலை விட எங்கே வைக்கிறீங்க என்பதுதான் முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் நேரடிக் குரல் 6 டெசிபல் விழும். மண்டபத்து எதிரொலி அப்படி விழாது, எங்கே உட்கார்ந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் பின் வரிசையில் குரலை விட எதிரொலி அதிகமாகிவிடும், எந்த ரெக்கார்டராலும் அதைப் பிரிக்க முடியாது.

உங்க மண்டபத்தில் குரல் வருவது சார் வாயிலிருந்து இல்லை, பாக்ஸிலிருந்து. ஒரே ஒரு பாக்ஸுக்கு 2, 3 மீட்டரில் உட்காருங்க. நேர் கீழே வேண்டாம். "ஸ", "ச" மாதிரியான கூர்மையான ஒலிகள் தலைக்கு மேலே போய்விடும், மந்தமாகக் கேட்கும். இரண்டு பாக்ஸுக்கும் நடுவிலும் வேண்டாம், இரண்டின் சத்தமும் முன்னே பின்னே வந்து சேர்ந்து குழம்பும். ஃபேன் காற்று நேராக மைக்கில் பட்டால் வரும் "புஸ் புஸ்" வேறு, ஃபேன் இரைச்சல் வேறு. முதலாவதற்கு மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை, இரண்டாவதற்கு மெனுவில் லோ கட் (தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வசதி). நாற்காலிக் கைப்பலகையில் வைத்தால் கீழே மடித்த கைக்குட்டை போடுங்க, இல்லாவிட்டால் நீங்க எழுதும் ஒவ்வொரு எழுத்தும் "டொக் டொக்" என்று விழும்.

சத்தம் கேட்டால் மட்டும் பதிவு செய்யும் விஓஆர் வசதி இருந்தால் அணைச்சிடுங்க. பேச்சு வந்தபிறகுதான் விழிக்கும், ஒவ்வொரு வாக்கியத்திலும் முதல் அசை போய்விடும். ஆட்டோ லெவலில் இன்னொரு தொல்லை: சார் நிறுத்தி போர்டில் எழுதும்போது மெஷின் தானாகச் சத்தத்தைக் கூட்டும், ஃபேன் எழும்பி வரும். லெவலைக் கையால் வைக்க முடிந்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். இரைச்சல் நீக்கும் வசதியைப் பதிவின்போது போடாதீங்க, வெட்டியது திரும்ப வராது. அதை அப்புறம் கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் செய்யலாம்.

வாங்குவதற்கு முன்னால் போனை ஃபிளைட் மோடில் போட்டு, இதே இடத்தில் வைத்து ஒரு வகுப்பு எடுத்துப் பாருங்க. செலவே இல்லாமலும் போகலாம்.

தென்பெண்ணை:
நன்றி அண்ணா. ஆம்ப்ளிஃபையர் மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆபரேட்டரும் தெரிந்தவர். அதிலிருந்தே வயர் எடுக்கலாமா?

கம்பிச்சுருள்:
கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஃபேனும் எதிரொலியும் கிட்டத்தட்ட காணாமல் போகும். பின்பக்கம் "லைன் அவுட்" அல்லது "ரெக் அவுட்" என்று எழுதிய சாக்கெட் மட்டும். ஸ்பீக்கர் டெர்மினலைத் தொடவே கூடாது. மண்டபங்களில் பலவும் 100 வோல்ட் லைன், அதாவது ஸ்பீக்கர் வயரில் 100 வோல்ட் வரை ஓடும். செருகிய நொடியில் ரெக்கார்டர் காலி.

பிஎக்ஸ்470-ல் இருப்பது மைக் ஜாக். லைன் சிக்னல் மைக் சிக்னலைவிட மிக வலுவானது, அதில் நேராகக் கொடுத்தால் கரகரவென்று உடைய வாய்ப்புண்டு. உடைந்தால் நடுவில் அட்டெனுவேட்டர் கேபிள் வேண்டும், சுமார் 40 டெசிபல் குறைப்பது. எச்1என் உள்ளீடு மைக், லைன் இரண்டையும் ஏற்கும், அதற்குக் கூடுதல் காசு கொடுக்க நியாயமான காரணம் இது ஒன்றுதான். லெவல் டயலைக் குறைவில் வைத்து ஏற்றிக்கொண்டு வாருங்கள். பேட்டரியிலேயே ஓட்டுங்கள்; யுஎஸ்பி சார்ஜர் மாட்டினால் "ம்ம்ம்" என்ற ஹம் ஏற வாய்ப்புண்டு. மைக் இல்லாமல் மாணவர்கள் கேட்கும் கேள்வி இதில் விழாது.

ஏடகம்:
எழுத்தாக்கம் பற்றி. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளான விஸ்பர் எந்த ஃபைலையும் 16 கிலோஹெர்ட்ஸ் மோனோவாக்கித்தான் கேட்கிறது, ஆகவே அதற்காக வேவில் எடுக்கத் தேவையில்லை. மொழியைச் சொல்லாவிட்டால் முதல் 30 நொடியை வைத்துத் தீர்மானித்துவிடும். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் அறிவிப்பு இருந்தால் வகுப்பு முழுக்கக் கோணலாகும். தமிழ் என்று நீங்களே குறிப்பிடுங்கள். ஆண்டு, சட்டப்பிரிவு எண், ஊர்ப்பெயர் ஆகியவற்றை மட்டும் ஒலியோடு ஒத்துப்பாருங்கள்.

இன்னொன்று. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 2(கியூகியூ), நிகழ்த்துநர் என்ற பட்டியலில் நடிகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டியோடு விரிவுரையாற்றுபவரையும் சேர்க்கிறது. பதிவு செய்பவரின் சொந்த உபயோகத்துக்கான ஒலிப்பதிவுக்குப் பிரிவு 39 விலக்கு தருகிறது. அதையே டெலிகிராம் குழுவில் ஏற்றினால் சொந்த உபயோகம் என்று சொல்ல முடியாது. எப்படியும் ஆம்ப்ளிஃபையரில் வயர் செருகுவதற்குச் சாரிடம் கேட்கத்தான் போகிறீர்கள், நண்பர்களுக்குக் கொடுக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.