தினமும் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு மைனஸ் 2.5 கேம்பர் சரியா?

வளைவுப்பித்தன்:
என்னுடையது முதல் தலைமுறை டொயோட்டா 86. தினமும் வேலைக்கு 40 கிலோமீட்டர், எப்போதாவது ரேஸ் டிராக். கம்பெனி அமைப்பில் முன் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்; மைனஸ் என்றால் மேல்பக்கம் உள்ளே சாய்வது) கிட்டத்தட்ட சுழியம்தான். வளைவில் வேகமாகப் போனால் முன்பக்கம் வெளியே நழுவுகிறது. அந்தச் சாய்வை மாற்ற உதவும் கேம்பர் பிளேட் வாங்கிவிட்டேன். முன்னால் மைனஸ் 2.5 டிகிரி, கொஞ்சம் டோ-அவுட் (சக்கரங்களின் முன்விளிம்பு சற்று வெளியே திரும்பிய நிலை) வைக்கப் போகிறேன்.

நேர்ச்சாலை:
வேண்டாம். நீங்கள் ஓட்டுவதில் பெரும்பகுதி நேர்ச்சாலை. மைனஸ் 2.5-இல் நேராகப் போகும்போது டயரின் உள்விளிம்புதான் அதிகச் சுமை தாங்கும். மழையில் அவசரமாக பிரேக் அடிக்கும்போது முழு அகலமும் தரையை அழுத்திப் பிடிக்க வேண்டாமா? கம்பெனி அளவிலேயே விடுங்கள்.

வளைவுப்பித்தன்:
முன்னால் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே வெளியே சாய்கிறது. மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் டபுள் விஷ்போன் போல அது தானாக ஈடுகட்டிக்கொள்ளாது. முதலிலேயே உள்ளே சாய்த்து வைக்காவிட்டால் வளைவில் டயரின் வெளித்தோள்தான் கரையும். என் பழைய டயர்கள் இரண்டும் அப்படித்தான் போயின.

கோணமானி:
இருவரும் கேம்பரிலேயே நிற்கிறீர்கள். டயரைத் தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். ஒரு சக்கரம் 0.1 டிகிரி திரும்பியிருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 1.7 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. 10,000 கிலோமீட்டருக்கு 17 கிலோமீட்டர்! கேம்பரோடு டோ-அவுட்டும் சேர்ந்தால் அந்தத் தேய்மானம் முழுவதும் உள்விளிம்பின் தலையில்தான். டயரில் தரையைத் தொடும் பகுதியான டிரெட் மேல் கையைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் அது டோ செய்த வேலை.

கேம்பரை மைனஸ் 1.5 முதல் 2 வரை வையுங்கள், முன் டோ சுழியம். பின்னால் சிறிது டோ-இன் (முன்விளிம்பு உள்ளே திரும்பிய நிலை) இருக்கட்டும், வேகத்தில் வால் ஆடாது.

வளைவுப்பித்தன்:
டோ சுழியமானால் ஸ்டியரிங் மந்தமாகிவிடுமே? டோ-அவுட்டில் திருப்பிய அந்த நொடியே மூக்கு உள்ளே போகும்.

நேர்ச்சாலை:
அந்தத் துடிப்புதான் பள்ளம் மேடான சாலையில் தொல்லை. லாரித் தடத்தில் சக்கரம் இறங்கியதும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். தினமும் 40 கிலோமீட்டர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவீர்களா?

அப்புறம், நான்கு சக்கரத்தையும் அளப்பவரிடமே போங்கள். ஒரு கடையில் எனக்கு முன்பக்கம் மட்டும் சரிசெய்து அனுப்பினார்கள். பின் டோ கோணலாகவே இருந்ததால் நேராகப் போனாலும் ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்தே நின்றது. முதலில் பின்பக்கம், அதற்குப் பிறகுதான் முன்பக்கம்.

கோணமானி:
இதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான சுமை, டயர்களில் சரியான காற்று, இரண்டும் அவசியம்.

வளைவுப்பித்தன்:
சரி, டோ சுழியம். ஆனால் கேம்பர் 2-க்குக் குறையாது. டிராக் நாளில் மட்டும் பிளேட்டை நகர்த்தி 2.5 ஆக்கிக்கொள்கிறேன்.

கோணமானி:
ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்தினால் டோவும் கூடவே மாறும். அங்கேயே அளந்து, சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடைத் திருத்த முடியுமென்றால் செய்யுங்கள். இல்லையென்றால் 2-இலேயே டிராக்குக்கும் போங்கள்.

நேர்ச்சாலை:
நான் இன்னமும் 1.5 என்றுதான் சொல்வேன். மழைக்காலம் முடியும்வரையாவது.